வண்டிக்கு ஏற்ற ஸ்டீரியோ செட்: வாங்கும் முன் வணிகர்கள் அறிய வேண்டியவை

மளிகைக் கடையானாலும் மண்டியானாலும் வண்டி ஓடினால்தான் வியாபாரம் ஓடும். சேலம் லீ பஜாரில் பருப்பும் எண்ணெயும் கொள்முதல் செய்து வருகிறோம். பாலக்கோட்டில் தக்காளி ஏற்றுகிறோம். காரிமங்கலம் வாரச் சந்தைக்குச் சரக்கு இறக்குகிறோம். அரூர், பென்னாகரம் பக்கத்துச் சில்லறைக் கடைகளுக்கு லைன் போகிறோம். கடையில் கழியும் நேரத்துக்குச் சற்றும் குறையாத நேரம் ரோட்டில் கழிகிறது.

வண்டியில் பாட்டுப் பெட்டி என்பது ஆடம்பரமாக இருந்த காலம் போய்விட்டது. செய்தி, வானிலை, பாட்டு ஆகியவற்றோடு வாடிக்கையாளரின் ஆர்டரும் இன்று அதன் வழியாகவே வருகிறது. ஆனால் அரிசி மூட்டை வாங்கும்போது கைவிட்டு அள்ளி, முகர்ந்து, கடித்துப் பார்க்கும் நாம், வண்டிக்குச் செட் வாங்கும்போது மட்டும் பளபளக்கும் விளக்கையும் அட்டைப்பெட்டியில் அச்சிட்ட வாட்டையும் பார்த்துப் பணத்தைக் கொடுத்துவிடுகிறோம். தவறான செட்டினால் வரும் நஷ்டம் அதன் விலையோடு நிற்பதில்லை. வயரிங் கருகலாம், பேட்டரி சாகலாம், டிரைவரின் கண் சாலையை விட்டு விலகலாம். ஆகவே இதைப் பற்றி ஒழுங்காகத் தெரிந்துகொள்வோம்.

கடந்து வந்த பாதை

1930ஆம் ஆண்டு அமெரிக்காவில் கால்வின் நிறுவனம் 'மோட்டரோலா' என்ற பெயரில் கார் ரேடியோவை விற்பனைக்குக் கொண்டுவந்தது. அந்தப் பெயரே பின்னாளில் நிறுவனத்தின் பெயராகவும் ஆயிற்று. 1963இல் பிலிப்ஸ் நிறுவனம் கேசட்டை அறிமுகம் செய்தது. அதன்பின் கேசட் கார்களுக்குள்ளும் நுழைந்தது. 1980களில் சி.டி. வந்தது. பிறகு யு.எஸ்.பி., புளூடூத் என்று மாறி, 2014இல் ஆப்பிளின் கார்ப்ளேயும் 2015இல் ஆண்ட்ராய்டு ஆட்டோவும் வந்து, கைப்பேசியையே டேஷ்போர்டில் காட்டும் நிலை உண்டாகிவிட்டது. நம் நாட்டில் வானொலிப் பெட்டி வைத்திருப்பவர்கள் 1980கள் வரை அஞ்சலகத்தில் உரிமக் கட்டணம் செலுத்தி வந்ததை மூத்த வணிகர்கள் மறந்திருக்க மாட்டார்கள்.

காலம் மாறினாலும் செட்டின் அடிப்படை வேலை மாறவில்லை. எங்கிருந்தோ வரும் ஒலியைத் தேர்ந்தெடுத்து, பெருக்கி, ஸ்பீக்கருக்கு அனுப்புவதே அதன் வேலை.

முதல் கேள்வி: எதற்காக வாங்குகிறோம்?

வண்டியை ஓட்டுபவர் யார், எந்த நேரத்தில், எந்த வழியில் ஓட்டுகிறார் என்பதை முதலில் எழுதிப் பாருங்கள். குடும்பத்தோடு செல்லும் காருக்கு ஒரு தேவை, விடியற்காலை 3 மணிக்கு லோடு ஏற்றப் போகும் பிக்கப் வண்டிக்கு வேறு தேவை. சரக்கு வண்டியின் டிரைவருக்கு எஃப்.எம். ரேடியோ, யு.எஸ்.பி., தெளிவாகப் பேச உதவும் புளூடூத், இருட்டிலும் விரலால் தடவித் திருப்பக்கூடிய பெரிய வால்யூம் குமிழ் ஆகிய நான்கும் இருந்தால் போதும். படம் காட்டும் திரை அவருக்குத் தேவையில்லை. தேவையில்லாததற்குக் கொடுக்கும் பணம் தேங்கிய சரக்கில் முடங்கிய முதலுக்குச் சமம்.

அளவு: ஒற்றை டின், இரட்டை டின்

செட்டின் முகப்பு அளவுக்கு 'டின்' என்று பெயர். இது ஜெர்மனியில் வகுத்த தர அளவு. ஒற்றை டின் என்பது ஏறத்தாழ 180 மி.மீ. அகலம், 50 மி.மீ. உயரம். இரட்டை டின் அதே அகலத்தில் ஏறத்தாழ 100 மி.மீ. உயரம். கடைக்குப் போகுமுன் டேஷ்போர்டில் உள்ள பள்ளத்தை அளந்து குறித்துக்கொள்ளுங்கள். அகலம், உயரத்தோடு உள்ளே எவ்வளவு ஆழம் இருக்கிறது என்பதையும் பாருங்கள். பின்னால் வயர் மடங்குவதற்கும் இடம் வேண்டும்.

ஒற்றை டின் பள்ளத்தை அறுத்துப் பெரிதாக்கித் திரை வைத்துத் தருகிறேன் என்று சொல்லும் மெக்கானிக்கிடம் வண்டியைக் கொடுக்காதீர்கள். அறுத்த டேஷ்போர்டு நம் சாலைக் குலுக்கலில் ஓயாமல் கிறீச்சிடும். வண்டியை விற்கும்போது விலையும் குறையும்.

வோல்ட்: 12ஆ, 24ஆ?

கார்களும் சிறிய சரக்கு வண்டிகளும் 12 வோல்ட்டில் இயங்குகின்றன. பெரிய லாரிகளில் இரண்டு 12 வோல்ட் பேட்டரிகளைத் தொடராக இணைத்து 24 வோல்ட் ஆக்கியிருப்பார்கள். கடையில் கிடைக்கும் செட்டுகளில் மிகப் பெரும்பாலானவை 12 வோல்ட்டுக்கானவை. அதை லாரியின் 24 வோல்ட்டில் நேராகக் கொடுத்தால் அந்தக் கணமே புகைந்துவிடும்.

இதற்குச் சிலர் குறுக்கு வழி செய்கிறார்கள். இரண்டு பேட்டரிகளில் ஒன்றிலிருந்து மட்டும் 12 வோல்ட் எடுத்துச் செட்டுக்குக் கொடுக்கிறார்கள். செட் பாடும். ஆனால் அந்த ஒரு பேட்டரி மட்டும் தினமும் கூடுதலாகக் கறக்கப்படும். ஆல்டர்னேட்டரோ இரண்டையும் ஒன்றாகவே பாவித்துச் சார்ஜ் செய்யும். ஒன்று எப்போதும் குறைவாகவும் மற்றது அளவுக்கு மீறியும் சார்ஜ் ஆகி, இரண்டுமே கெட்டுப்போகும். 24 வோல்ட்டை 12 ஆக்கித் தரும் கன்வெர்ட்டரைப் பொருத்துவதே சரியான வழி. அதன் விலை ஒரு பேட்டரியின் விலையில் சிறு பகுதிதான்.

வாட் கணக்கு: அட்டைப்பெட்டியை நம்பலாமா?

செட் வியாபாரத்தில் எடைக்கல் ஏமாற்று எங்கே நடக்கிறது என்றால் இந்த வாட்டில்தான். '50 வாட் பெருக்கல் 4' என்று அட்டையில் போட்டிருக்கும். 'பி.எம்.பி.ஓ.' என்ற பெயரில் ஆயிரக்கணக்கான வாட் எழுதியிருப்பதும் உண்டு. நாம் பார்க்க வேண்டியது 'ஆர்.எம்.எஸ்.' வாட். தொடர்ந்து கொடுக்கக்கூடிய உண்மையான சக்தி அதுவே.

வியாபாரிக்குப் புரியும் கணக்காகவே இதைப் போட்டுப் பார்ப்போம். செட்டின் பின்புறம் ஒரு பியூஸ் இருக்கும். அதில் 10 என்று எழுதியிருந்தால் 10 ஆம்பியருக்கு மேல் மின்சாரம் தொடர்ந்து உள்ளே போகாது. எஞ்சின் ஓடும்போது வண்டியின் மின்அழுத்தம் ஏறத்தாழ 14.4 வோல்ட். 14.4ஐ 10ஆல் பெருக்கினால் 144 வாட். அதாவது உள்ளே போவதே அதிகபட்சம் 144 வாட். அதில் ஒரு பங்கு சூடாகிப் போய்விடும். வரவு 144 இருக்கும்போது செலவு 200 எப்படி ஆகும்? அந்தப் 50 வாட் என்பது இமைப்பொழுது தொட்டுவிட்டு வரும் உச்சம்தான்.

உள்ளே கூடுதல் சக்திச் சுற்று இல்லாத சாதாரணச் செட் 14.4 வோல்ட்டில் 4 ஓம் ஸ்பீக்கருக்குச் சிதறாத ஒலியாகக் கொடுக்கக்கூடியது ஒரு சேனலுக்கு ஏறத்தாழ 26 வாட்டைத் தாண்டாது. நடைமுறையில் 15 முதல் 22 வாட் வரை கிடைக்கும். லாரி கேபினுக்கும் சிறிய காருக்கும் அதுவே தாராளம். ஆகவே இரண்டு செட்டுகளை ஒப்பிடும்போது ஆர்.எம்.எஸ். வாட்டை மட்டும் ஒப்பிடுங்கள். அதை எங்குமே அச்சிடாத கம்பெனி எதையோ மறைக்கிறது என்று பொருள்.

ஸ்பீக்கரைச் செட்டோடு சேர்த்து வாங்குங்கள்

செட்டுகள் பொதுவாக 4 ஓம் ஸ்பீக்கருக்காகச் செய்யப்பட்டவை. ஒரே வயரில் இரண்டு 4 ஓம் ஸ்பீக்கர்களைப் பக்கம் பக்கமாக இணைத்தால் மொத்தம் 2 ஓம் ஆகிவிடும். செட் இரட்டிப்பு மின்சாரத்தைத் தள்ள முயன்று சூடாகி, உள்ளிருக்கும் ஆம்ப் ஐ.சி. கருகிவிடும்.

இன்னொன்றும் கவனிக்க வேண்டும். இப்போதைய செட்டுகளில் ஸ்பீக்கரின் கழித்தல் வயரை வண்டியின் உடம்போடு எர்த் செய்யக்கூடாது. பழைய வண்டிகளில் அப்படி எர்த் செய்த வயரிங் இருக்கக்கூடும். பழைய செட்டைக் கழற்றிப் புதியதைப் பொருத்தும்போது ஒவ்வொரு ஸ்பீக்கருக்கும் தனித்தனியாக இரண்டு வயர் வருகிறதா என்று நின்று பாருங்கள்.

பணம் அளவாக இருந்தால் செட்டில் கொஞ்சம் குறைத்து ஸ்பீக்கரில் கொஞ்சம் கூட்டுங்கள். காதுக்கு வித்தியாசம் தெரிவது ஸ்பீக்கரில்தான்.

ரேடியோ: 102.5 எடுக்கிறதா?

நம் மாவட்டத்தில் அகில இந்திய வானொலியின் தருமபுரி பண்பலை 102.5 மெகாஹெர்ட்சில் ஒலிக்கிறது. இந்தியாவில் எஃப்.எம். 87.5 முதல் 108 வரை. ஜப்பானில் எஃப்.எம். 76இல் தொடங்கி 90களின் நடுவிலேயே முடிந்துவிடுகிறது. ஜப்பானிலிருந்து கழற்றி வந்த பழைய செட்டுகள் குறைந்த விலையில் பெருநகரச் சந்தைகளில் கிடைக்கின்றன. ஒலி நன்றாகவே இருக்கும். ஆனால் 102.5 என்ற எண்ணே அதில் வராது. மெனுவும் ஜப்பானிய மொழியிலேயே இருக்கும். விலையைப் பார்த்து மயங்குமுன் ரேடியோவை 108 வரை ஓட்டிப் பாருங்கள்.

எஃப்.எம். அலை நேர்கோட்டில் பாயும் தன்மையுடையது. மலை மறித்தால் வலு குறையும். சித்தேரி மலைப்பக்கமும் ஒகேனக்கல் இறக்கத்திலும் லைன் போகிறவர்கள் நல்ல ஆன்டெனாவுக்குச் சிறிது செலவிடலாம். ரேடியோ இரைகிறது என்று செட்டை மாற்றுபவர்கள் பலர். முதலில் ஆன்டெனா பிளக்கையும் அதன் எர்த்தையும் பாருங்கள்.

யு.எஸ்.பி.யும் புளூடூத்தும்

பென்டிரைவ் போட்டால் பாடவில்லை என்பது அடிக்கடி கேட்கும் புகார். பல செட்டுகள் 'ஃபேட் 32' முறையில் ஃபார்மேட் செய்த பென்டிரைவை மட்டுமே படிக்கும். கம்ப்யூட்டரில் அப்படி மாற்றிப் போட்டால் பெரும்பாலும் சரியாகிவிடும். கடையில் உங்கள் சொந்தப் பென்டிரைவையும் உங்கள் சொந்தக் கைப்பேசியையும் வைத்தே சோதித்துப் பாருங்கள்.

புளூடூத்தில் பாட்டு நன்றாக வருவது பெரிதல்ல. எதிர்முனையில் இருப்பவருக்கு நம் குரல் எப்படிக் கேட்கிறது என்பதே முக்கியம். டீசல் வண்டியின் கேபினில், செட்டின் முகப்பில் உள்ள சிறிய மைக் எஞ்சின் சத்தத்தைத்தான் அதிகம் பிடிக்கும். தனி மைக் இணைக்கும் வசதியுள்ள செட்டே சரக்கு வண்டிக்கு ஏற்றது. மைக்கைக் கண்ணாடி மேலே, டிரைவரின் வாய்க்கு நேராகப் பொருத்துங்கள்.

திரை, கைப்பேசி, தொப்பூர் கணவாய்

இந்தப் பகுதியை டிரைவரிடமும் படித்துக் காட்டுங்கள்.

மணிக்கு 60 கி.மீ. வேகத்தில் போகும் வண்டி ஒரு நொடியில் ஏறத்தாழ 17 மீட்டர் கடக்கிறது. திரையில் அடுத்த பாட்டைத் தேட 3 நொடி கண்ணை எடுத்தால் 50 மீட்டர் தூரம் கண்ணை மூடிக்கொண்டு ஓட்டியதாகிறது. தருமபுரியிலிருந்து சேலம் போகும் வழியில் தொப்பூர் கணவாயின் இறக்கம் எப்படிப்பட்டது என்பதை நமக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. 2020 டிசம்பரிலும் 2024 ஜனவரியிலும் அங்கே வண்டிகள் அடுத்தடுத்து மோதி உயிர்கள் போயின. லோடு வண்டியின் பிரேக்குக்கும் டிரைவரின் கவனத்துக்கும் அந்த இறக்கம் ஒருசேரச் சோதனை வைக்கிறது.

சட்டமும் இதைச் சொல்கிறது. மோட்டார் வாகனச் சட்டம் 2019இல் திருத்தப்பட்டபோது, ஓட்டும்போது கையில் பிடிக்கும் தொடர்புக் கருவியைப் பயன்படுத்துவது 184ஆம் பிரிவின்படி அபாயகரமாக ஓட்டும் குற்றமாகச் சேர்க்கப்பட்டது. முதல் முறைக்கே 1,000 முதல் 5,000 ரூபாய் வரை அபராதமும் சிறைத் தண்டனையும் அப்பிரிவில் உள்ளன. வழி பார்ப்பதற்கு மட்டும், கவனம் சிதறாத வகையில் பயன்படுத்தலாம் என்று 2020இல் விதி திருத்தப்பட்டது. 2017ஆம் ஆண்டின் வாகனம் ஓட்டும் விதிமுறைகளும் வழிகாட்டுதலுக்குத் தவிர வேறு எதற்கும் வண்டியில் வீடியோ ஓட விடக்கூடாது என்கின்றன. ஹேண்ட் பிரேக் போட்டால்தான் படம் ஓடும் என்று திரைச் செட்டுகளில் ஒரு பாதுகாப்பு வயர் இருக்கும். அதை எர்த் செய்து எப்போதும் படம் ஓடும்படி செய்து தருவதை ஒரு சேவையாகவே சில இடங்களில் சொல்கிறார்கள். அதை மறுத்துவிடுங்கள்.

கையில் பிடிக்காமல் செட்டின் வழியே பேசினாலும் மனம் பேச்சில்தான் இருக்கும். டிரைவருக்கு ஓட்டும் நேரத்தில் போன் செய்பவர் யார் என்று யோசித்தால், பெரும்பாலும் முதலாளிகளாகிய நாம்தான். 'எங்கே வர்றே, பில் வாங்கினியா, ரெண்டு மூட்டை சேர்த்து ஏத்தினியா' என்று கேட்பது நாமேதான். கடையில் ஒரு வழக்கத்தை ஏற்படுத்துவோம். பாளையம் சுங்கச்சாவடிக்கு முன்பே ஓரமாக நிறுத்திப் பேசி முடித்துவிட வேண்டும். கணவாயைக் கடந்து இறங்கும்வரை கடையிலிருந்து போன் போகக்கூடாது. இந்த வழக்கத்துக்குச் செலவு ஒரு ரூபாய்கூட இல்லை. எந்த விலையுயர்ந்த செட்டும் தராத பாதுகாப்பை இது தரும்.

பொருத்தும் வேலை

நல்ல செட்டையும் கெட்ட வயரிங் கெடுத்துவிடும். செட்டின் வயர் நிறங்களுக்குப் பொதுவான ஒழுங்கு உண்டு. மஞ்சள் பேட்டரியிலிருந்து எப்போதும் வரும் 12 வோல்ட். சிவப்பு சாவி திருப்பினால் வரும் 12 வோல்ட். கறுப்பு எர்த். நீலம் ஆன்டெனாவுக்கு. வெள்ளை, சாம்பல், பச்சை, ஊதா ஆகியவை நான்கு ஸ்பீக்கர்களுக்கு. அவற்றில் கறுப்புக் கோடு உள்ளது கழித்தல். இது செட்டின் நிறம்தான். வண்டியின் நிறங்கள் கம்பெனிக்குக் கம்பெனி மாறும்.

மஞ்சளையும் சிவப்பையும் சேர்த்து ஒரே பேட்டரி வயரில் முறுக்கிவிடுவது சோம்பேறி வேலை. சாவியை எடுத்தாலும் செட் அணையாது. ஒரு ராத்திரி மறந்தால் விடியற்காலையில் வண்டி தள்ள வேண்டியதுதான். மாற்றிக் கொடுத்தாலோ ஒவ்வொரு முறையும் நேரமும் நிலையங்களும் அழிந்துபோகும்.

வண்டியின் சொந்த வயரை வெட்டாமல், அதற்கேற்ற கப்ளர் வாங்கி இணைக்கச் சொல்லுங்கள். புது வண்டியில் வயரை வெட்டினால் மின்சாரக் கோளாறுகளுக்கு உத்தரவாதம் மறுக்கப்படலாம். பியூஸ் அடிக்கடி போகிறது என்று அதன் இடத்தில் செம்புக் கம்பி கட்டாதீர்கள். பியூஸ் போவது எங்கோ ஷார்ட் இருக்கிறது என்ற எச்சரிக்கை. கம்பி கட்டினால் பியூசுக்குப் பதிலாக வயர் எரியும், வயரோடு வண்டியும் சரக்கும் எரியும்.

சந்தையில் நிறுத்தி விளம்பரம் செய்பவர்களுக்கு

எஞ்சினை அணைத்துவிட்டுச் செட்டை ஓடவிடும் வணிகர்கள் ஒரு கணக்கைத் தெரிந்துகொள்ள வேண்டும். 35 ஆம்பியர்-மணி பேட்டரி என்று வைத்துக்கொள்வோம். செட் சராசரியாக 3 ஆம்பியர் எடுக்கிறது என்போம். ஸ்டார்ட் செய்வதற்காகப் பாதியை விட்டுவைத்தால் 17.5 மிச்சம். ஆக 6 மணி நேரத்துக்குள் நிறுத்தியாக வேண்டும். பேட்டரி பழையதானால் அதிலும் பாதிதான்.

கூம்பு ஒலிபெருக்கியைக் கார் செட்டில் மாட்டாதீர்கள். அதற்கென்று உள்ள தனி ஆம்பிளிஃபயரே பொருந்தும். ஒலிபெருக்கிக்குக் காவல்துறை அனுமதி தேவை. 2000ஆம் ஆண்டு ஒலி மாசு விதிகளின்படி இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை திறந்தவெளியில் அதைப் பயன்படுத்தத் தடை உள்ளது.

பில், உத்தரவாதம், காப்பீடு

நம் கடைப் பாக்கெட்டில் என்ன அச்சிட்டிருக்க வேண்டும் என்பது நமக்குத் தெரியும். செட்டின் பெட்டியிலும் அதையே தேடுங்கள். அதிகபட்ச விலை, மாதம், ஆண்டு, தயாரிப்பாளர் அல்லது இறக்குமதியாளரின் பெயரும் முகவரியும் இருக்க வேண்டும். முகவரி இல்லாத பெட்டிக்கு உத்தரவாதம் சொல்ல ஆளும் இருக்காது.

துண்டுச் சீட்டு வேண்டாம். ஜி.எஸ்.டி. எண்ணுடன் பில் கேளுங்கள். சரக்கு வண்டிக்கு வாங்கியதா, பயணிகள் காருக்கு வாங்கியதா என்பதைப் பொறுத்து உள்ளீட்டு வரி வரவு வேறுபடும் என்பதால் பில்லை ஆடிட்டரிடம் காட்டிக் கணக்கில் எடுங்கள். பின்னால் தகராறு வந்தால் நுகர்வோர் ஆணையத்துக்கும் இதே பில்தான் வேண்டும். சுயதொழிலாகப் பிழைப்புக்காக மட்டும் நடத்துபவர் வாங்கிய பொருளுக்கு 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் இடம் உண்டு.

கம்பெனியே பொருத்தித் தந்த செட் வண்டியின் விலையில் அடங்கும். நாம் வெளியில் பொருத்தியதைத் தனியாகத் தெரிவித்துப் பாலிசியில் சேர்த்தால்தான் திருட்டுக்கும் தீக்கும் இழப்பீடு கேட்க முடியும். புதுப்பிக்கும்போது ஏஜெண்டிடம் இதைச் சொல்லுங்கள்.

கடைக்குப் போகுமுன் ஒரு பார்வை

1. பள்ளத்தின் அகலம், உயரம், ஆழம் அளந்தாயிற்றா?
2. வண்டி 12 வோல்ட்டா, 24 வோல்ட்டா? 24 என்றால் கன்வெர்ட்டர் உண்டா?
3. ஆர்.எம்.எஸ். வாட் எவ்வளவு? பியூஸ் எத்தனை ஆம்பியர்?
4. ஸ்பீக்கர் 4 ஓமா? ஒவ்வொன்றுக்கும் தனி இரண்டு வயரா?
5. ரேடியோ 102.5 எடுக்கிறதா?
6. சொந்தப் பென்டிரைவ், சொந்தக் கைப்பேசி வைத்துப் பார்த்தாயிற்றா? தனி மைக் உண்டா?
7. இருட்டில் பார்க்காமலே குமிழைத் திருப்ப முடிகிறதா?
8. கப்ளர் உண்டா? பெட்டியில் முகவரி, கையில் பில், பாலிசியில் பதிவு?

இந்த எட்டுக்கும் பதில் சரியாக இருந்தால் விலை குறைந்த செட்டும் நல்ல செட்டே. இவற்றில் தவறினால் விலை உயர்ந்த செட்டும் வீண். செட் வாங்கும் அன்றே டிரைவரையும் கடைக்கு அழைத்துச் செல்லுங்கள். தினமும் அதைத் தொடப்போகிறவர் அவர்தான்.